மஹ்மூதாவின் முழங்காலும் மூன்று கம்பியூட்டர்களும்

மஹ்ரூப் நானாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். எத்தாளையில் அவருடைய முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் இல்லை. லேண்ட்மாஸ்டர் கை ட்ராக்டரில் வெங்காய மூட்டையோ ஐஸ் பெட்டியோ ஏற்றிக்கொண்டு பள்ளிவாசல்துறைப் பக்கம் போகும்போது, எஞ்சின் சத்தத்துக்கு மேலால் தெருவில் போகிற எல்லாரோடும் கதைத்துக்கொண்டே போவார். யாருக்கு எங்கே கல்யாணம் பேசுகிறார்கள், யாருடைய கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, எல்லாம் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் தன் தங்கை மஹ்மூதாவுக்கும் சேர்த்து இருபது வருஷத்துக்கு மேல் கதைத்ததில் அதிசயம் இல்லை. அவளால் கதைக்க முடியாது, அதனால் அவர் கதைத்தார்.

மஹ்மூதா மூச்சுத் திணறிப் பிறந்தவள். கை ஒரு பக்கம் இழுக்கும், கழுத்து இன்னொரு பக்கம் இழுக்கும், இரண்டும் அவளைக் கேட்டுக்கொண்டு இழுப்பதில்லை. வாயிலிருந்து சத்தம் வரும், சொல் வராது. அவர்கள் பிறந்த மன்னாரில் அக்கம்பக்கத்தார் “புத்தி இல்லாத புள்ள” என்று இரங்கிவிட்டு விலகிப் போனார்கள். மஹ்ரூப் இரங்கவும் இல்லை, விலகவும் இல்லை. பள்ளிக்கூடப் பாடத்தை அவளுடைய பாய்க்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து, எழுத்தெழுத்தாக விரலை ஓட்டி உரத்து வாசித்தார். அவளுக்குப் படிப்பிக்க வேண்டுமென்ற நோக்கமெல்லாம் ஒன்றுமில்லை. மனதுக்குள் வாசிப்பது அவருக்கு எந்தக் காலத்திலும் வராது.

தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, மற்றவர்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு படகேறினார்கள். மஹ்ரூப்பின் இரண்டு கையிலும் தங்கை இருந்தாள். கற்பிட்டியில் இறங்கியபோது அவரிடம் ஒரு கோப்பைகூட இருக்கவில்லை. பிறகு முகாம், ஓலைக் கொட்டில், வரிசையில் நின்று வாங்குகிற அரிசி. எவர் வந்து பதிந்தாலும், எவர் வந்து கேட்டாலும், மஹ்மூதாவின் சார்பில் அவர்தான் பதில். “அவவுக்குச் சோறு இறங்காது சேர். பாண்தான். பாண் எண்டா அவவுக்கு உசிரு.” பாண் துண்டைத் தேத்தண்ணியில் ஊறவைத்து அவளுக்கு ஊட்டி ஊட்டியே அவர் அலுத்துப் போனார்.

முகாமுக்கு ஒரு தொண்டு நிறுவனத்தோடு வந்தவன் கௌசிகன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் ஒண்டியிருந்த பையன், கம்பியூட்டர் பைத்தியம். மஹ்மூதா ரேடியோ கேட்டுக்கொண்டு கிடக்கும்போது, பாட்டு மாறுகிற இடத்தில் அவளுடைய வலது முழங்கால் மட்டும் பாயை அமத்துவதை அவன்தான் கவனித்தான். மற்ற உறுப்பெல்லாம் தன்பாட்டுக்கு ஆடும், முழங்கால் மட்டும் அவள் சொல்லுக் கேட்டது. அதற்கு ஒரு ஸ்விச் செய்தான். நிறுவனத்தில் யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு பழைய கம்பியூட்டரைக் கேட்டு வாங்கினான். ராப்பகலாக இருந்து ஒரு ப்ரோக்ராம் எழுதினான்.

அது எளிமையான சங்கதி. திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக நிற்கும். வெளிச்சக் கட்டம் ஒன்று எழுத்தெழுத்தாக நகரும், ஒவ்வொரு நகர்வுக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். தனக்கு வேண்டிய எழுத்தில் கட்டம் வரும்போது அவள் முழங்காலால் அமத்தினால், அந்த எழுத்து கீழே போய் உட்காரும். பிழைத்தால் அழிப்பதற்குக் கடைசியில் ஒரு கட்டம். மஹ்ரூப் கதவடியில் நின்று சிரித்தார். “தம்பி, அவவுக்கு எழுத்தே தெரியாதே. ஆரு படிச்சுக் குடுத்த?”

ஒரு முழுப் பகல் போனது. கீழே இருந்த வரி இது: இனி எனக்காக ஆரும் கதைக்க வேணாம்.

மஹ்ரூப் அந்த இடத்திலேயே குந்திவிட்டார். பாய்க்குப் பக்கத்தில் இருந்து அவர் கத்திப் படித்த அத்தனையும் அவளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. அழுதார் என்று சொல்வார்கள், அவர் இல்லை என்பார். மறுநாள் அவள் எழுதிய இரண்டாவது வரியை மட்டும் அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்கு பாண் பிடிக்காது.

எத்தாளையில் ஒரு துண்டுக் காணி கிடைத்து, கல்வீடு எழும்பி, மஹ்ரூப் முஃபீதாவைக் கல்யாணம் செய்து, மகள் அஸ்கா பிறந்து, வீட்டில் ஆட்கள் கூடினார்கள். உள் அறையில் டிக், டிக் என்று அந்தச் சத்தமும் கூடவே வளர்ந்தது. மஹ்மூதா அதிகம் எழுதுகிறவள் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி, இரண்டு வரி. ஆனால் வருவது நறுக்கென்று வரும். முஃபீதாவின் கறியில் புளி கூட என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். நானா லேண்ட்மாஸ்டர் வாங்கிய அன்று, விலையைக் கேட்டுவிட்டு, ஏமாந்திட்டீங்க என்று எழுதினாள். அது உண்மையும்கூட.

முதல் கம்பியூட்டர் சில வருஷத்தில் மூச்சை விட்டது. கௌசிகன் கொழும்பிலிருந்து இன்னொரு பழசைக் கொண்டுவந்தான். அதைவிடப் பிந்திய காலத்துப் பெட்டி. ப்ரோக்ராமைப் போட்டதும் கட்டம் தலைதெறிக்க ஓடியது. எழுத்துகள் மின்விசிறி இலை மாதிரிச் சுற்றின. மஹ்ரூப்பின் முகம் கறுத்துவிட்டது. கௌசிகன் பதறவில்லை. பெட்டியின் முகப்பில் இருந்த ஒரு பொத்தானை அமத்தினான். பக்கத்தில் எரிந்த சின்ன விளக்கு அணைந்தது, கட்டம் பழையபடி டிக், டிக் என்று நடக்கத் தொடங்கியது.

“இதுக்குப் பெயர் டேர்போ, நானா. பழைய ப்ரோக்ராமுகளுக்காக மெஷினை வேணுமெண்டே மெதுவாக்கிற பொத்தான். லைட் எரிஞ்சா வேகம், அணைஞ்சா பழைய காலம். ஆரையும் தொட விடாதேங்கோ.”

அந்தக் காலத்துக் கம்பியூட்டர் செய்தவர்களுக்கு அந்த அளவுக்காவது மரியாதை இருந்தது. முன்னால் போகிறவன் பின்னால் வருகிற நொண்டிக்காகக் கொஞ்சம் நின்று கொடுப்பதற்கென்றே பெட்டிக்குப் பெட்டி ஒரு பொத்தான் வைத்தார்கள். பிறகு அவசரம் கூடியது, பொத்தானை எடுத்துவிட்டார்கள். யாரும் கேட்கவும் இல்லை. கேட்கக்கூடியவர்கள் மஹ்மூதாவைப் போல வாயில்லாதவர்களாக இருந்திருப்பார்கள்.

கௌசிகன் பொத்தானுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, அடுத்த வருஷங்களில் கனடா போய்ச் சேர்ந்தான். அஸ்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருதரம் பிளாஸ்டரைக் கிள்ளி எடுத்துப் பொத்தானை அமத்திவிட்டாள். எழுத்துகள் ஓட, மஹ்மூதா பயந்து கத்த, முஃபீதா ஓடிவந்து மறுபடி அமத்தினாள். ஒரு பொத்தானில் போனது ஒரு பொத்தானில் திரும்பி வந்தது. அப்போது அது சிரிக்கிற கதையாகத்தான் இருந்தது.

அந்தப் பெட்டியை மஹ்ரூப் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். கச்சான் காற்று தொடங்கினால் கடலிலிருந்து உப்பு ஏறி வந்து இரும்பென்று பேர் வைத்த எல்லாவற்றையும் தின்னும். வீட்டுக் கீல், சைக்கிள் செயின், ஒன்றும் தப்பாது. புத்தளத்து உப்பளத்தில் உப்புக் குவியலைத் தடித்த பொலித்தீனால் மூடி இழுத்துக் கட்டுவதை அவர் பார்த்திருக்கிறார். மழையிலிருந்து உப்பை அப்படிக் காக்கலாம் என்றால், உப்பிலிருந்து பெட்டியையும் அப்படிக் காக்கலாம்தானே. ஒவ்வொரு நாளும் மஹ்மூதா எழுதி முடித்ததும், சூடு ஆறுவதற்குள், நீலப் பொலித்தீனால் போர்த்தி, கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போடுவார். காற்றுப் புகாது என்று அவருக்குப் பெருமை. உள்ளே இருந்த ஈரமும் வெளியே போகாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

முஃபீதா மௌத்தாகி அடக்கமானாள். அஸ்கா கல்யாணம் முடித்துக் கத்தாருக்குப் போனாள். வீட்டில் நானாவும் தங்கையும் மட்டும் மிஞ்சினார்கள், அவளைக் குளிப்பாட்டுவதற்கு அடுத்த வீட்டு றஹ்மா வந்து போவாள். போன வருஷம் ஒரு காலை, மஹ்மூதாவுக்குத் தேத்தண்ணி ஊட்டிக்கொண்டிருந்தபோது மஹ்ரூப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவளுடைய கட்டிலடியில் விழுந்தார். கோப்பை உருண்டது. அவள் போட்ட சத்தத்தில்தான் றஹ்மா ஓடிவந்தாள். த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நெஞ்சுக் குழாயில் அடைப்பென்று சொல்லி, குளிசையோடும் புத்திமதியோடும் சில நாளில் அனுப்பிவிட்டார்கள். வந்ததும் வராததுமாக அவர் ஆஸ்பத்திரிக் கதையைத் தொடங்கி, பக்கத்துக் கட்டில்காரனுடைய குறட்டை வரைக்கும் சொல்லிச் சிரித்தார். மஹ்மூதா சிரிக்கவில்லை.

அந்த வாரம்தான் பெட்டி செத்தது. அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் இருந்து வெங்காயத்தில் அழுகலைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். டிக் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தபோது கட்டம் நகராமல் நின்றது, கீழே இந்த வரி இருந்தது: நானா எனக்கு ப. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையும் இருண்டது.

பொலித்தீனின் வேலையைப் பெட்டியைத் திறந்தபிறகுதான் கண்டார்கள். உள்ளே பச்சைப் பச்சையாய்ப் பூத்திருந்தது, செப்புக் கோடுகள் அரித்து அறுந்து போயிருந்தன. புத்தளம் டவுனில் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் சியாம், பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னான். “மூடி மூடி வேர்க்க வெச்சிட்டீங்க மாமா.” அவருக்கு அந்தச் சொல் நெஞ்சடைப்பைவிட வலித்தது. காப்பாற்றுகிறேன் என்று நினைத்த ஒவ்வொரு அந்தியிலும் அவர் தன் கையாலேயே அதைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறார்.

ஆனால் அவருடைய மனதை அறுத்தது அந்த ‘ப’தான். ‘ப’வில் தொடங்கி அவளுக்கு என்ன வேணும்? கண்ணை மேலே உயர்த்தினால் ஓம், மூடினால் இல்லை. அந்த அளவுக்கு அவள் சொல்லுவாள். அவர் கட்டிலடியில் குந்திக்கொண்டு கேட்டார்.

“பசிக்கா?” கண் மூடியது.

“பால் வேணுமா? பல்லு வலிக்கா? படம் பாக்கணுமா? பழம்?” மூடியது. “பாண் இல்ல, எனக்குத் தெரியும்” என்று தானே சிரித்துப் பார்த்தார். றஹ்மா தன் பங்குக்குப் ‘பாத்ரூம்’ என்றாள். ஊரில் ‘ப’வில் தொடங்கும் சாமான் ஒன்று விடாமல் அவர் கேட்டு முடித்தார். தெருவில் போகும்போது ஏதாவது ஒன்று ஞாபகம் வந்தால் லேண்ட்மாஸ்டரைத் திருப்பிக்கொண்டு வந்து கேட்டார். ஒவ்வொன்றுக்கும் கண் மூடியது.

பிறகு ஒரு யோசனை தோன்றியது. கம்பியூட்டர் எதற்கு, எழுத்தை வாயால் சொன்னால் போச்சு. “இஞ்ச பாரு புள்ள. நான் க, ங, ச எண்டு சொல்லிக்கிட்டே போறன். உனக்கு வேணும்ங்கிற எழுத்துல நீ கண்ணத் தூக்கு. ‘ப’வுக்கு அடுத்ததச் சொல்லுவம்.” சின்ன வயதில் படித்த அதே குரலில் தொடங்கினார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பக் கஷ்டப்பட்டாள், கழுத்து கேட்கவில்லை. அதனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், அவர் கடைசி எழுத்துவரை போய் நிறுத்தும்வரை திறக்கவில்லை. மறுநாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. தனக்காக யாரும் கதைக்க வேண்டாம் என்று எப்போதோ எழுதியவள்தானே, பிடிவாதம் என்று நினைத்தார். கோபமும் வந்தது. “உனக்கு வாயா இருந்தது நான்தானே இவ்வளவு காலமும்” என்று ஒருநாள் சத்தம் போட்டுவிட்டு, வாசலில் போய் இருந்து தன்னையே திட்டிக்கொண்டார்.

சியாம் கெட்டிக்காரன். பழைய பெட்டியின் வயிற்றிலிருந்து ப்ரோக்ராமை எப்படியோ பிடுங்கி எடுத்துப் புதுக் கம்பியூட்டர் ஒன்றில் போட்டான். முழங்கால் ஸ்விச்சின் வயரை ஒரு மவுஸின் குடலில் ஒட்டவைத்தான். எல்லாவற்றையும் எத்தாளைக்குக் கொண்டுவந்து பூட்டிவிட்டு, பெருமையோடு சொன்னான். “பழசு புதுசுல ஓடுது மாமா. லேசுப்பட்ட வேலையில்ல.”

ஓடியதுதான் பிரச்சினை. கட்டம் எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை, திரை முழுக்க ஒரு வெளிச்ச நடுக்கம், டிக் சத்தம் வண்டு இரைவதுபோல ஒரே இரைச்சல். மஹ்மூதா முதலில் சிரித்தாள். பிறகு முழங்காலை அமத்தினாள். ஏதோ ஓர் எழுத்து விழுந்தது. மறுபடி அமத்தினாள். ழ, ஙெ, டௌ, ஞ என்று வாயில் நுழையாத எழுத்துகளாய் விழுந்துகொண்டே இருந்தன. விடாமல் அமத்தினாள், நெற்றியில் வேர்வை பூத்தது. மஹ்ரூப் அந்தக் குப்பையை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துப் பார்த்தார். நடுவில் எங்கேயாவது ஒரு சொல் ஒளிந்திருக்காதா என்று தேடினார். “இது பட்டாணி மாதிரி இல்லையா?” என்று சியாமைக் கேட்டார். அவர் பெட்டியின் முகப்பைத் தடவித் தடவி ஒரு பொத்தானைத் தேடினார்.

“டேர்போ எங்க மகன்?”

“அதெல்லாம் இப்ப வாறல்ல மாமா.”

கத்தாரிலிருந்து அஸ்கா தன் பங்குக்கு ஒரு டெப்லட் அனுப்பினாள். தொட்டால் எழுதும். மஹ்மூதாவின் கை தொட்டால் அது கட்டிலுக்குக் கீழே கிடக்கும். ஸ்விச்சுக்கென்று செய்த ப்ரோக்ராம்களும் ஒன்றிரண்டு அகப்பட்டன, அவை இங்கிலிஷில் கதைத்தன. மஹ்ரூப் தன் தம்பிமுறைக்காரர், மௌலவி, பாடசாலை அதிபர், உடப்பில் வலை வாங்கப் போன இடத்து வியாபாரி என்று கண்டவர் எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். இந்தக் காலத்தில் முடியாதது என்ன இருக்கிறது என்றும் சொன்னார்கள். மாதங்கள் போயின. ஸ்விச்சுக்கு வேலை இல்லாததால் அதைக் கழற்றி அலுமாரியில் வைத்தார்கள். அறையில் சத்தமே இல்லை. முன்பு அந்த டிக் டிக்கில் தூக்கம் கெடுகிறது என்று அவர் புறுபுறுத்ததுண்டு.

கடைசியில் அஸ்காதான் ஃபேஸ்புக்கில் துழாவிக் கௌசிகனைப் பிடித்தாள். போனில் அவனுடைய முகம் தெரிந்ததும் மஹ்ரூப்புக்கு அடையாளம் தெரியவில்லை. தலை வழுக்கை, பின்னால் பனி.

“நானா, அதில கட்டம் நிக்கிற நேரத்தை நான் மணிக்கூட்டைப் பாத்து வைக்கேல்ல. மெஷினைச் சும்மா எண்ணச் சொல்லி வைச்சனான். அந்தக் காலத்து மெஷின் அவ்வளவையும் எண்ணி முடிக்க ஆறுதலா நேரமெடுக்கும், அதுதான் மஹ்மூதாக்காவின்ர நேரம். இப்பத்தை மெஷின் அதைக் கண் மூடித் திறக்க முன்னம் எண்ணிப்போடும். உலகம் இவ்வளவு வேகமாகும் எண்டு அப்ப ஆர் நினைச்சது?”

“இப்ப என்ன செய்யலாம் தம்பி?”

வழி இருந்தது. புதுக் கம்பியூட்டருக்குள் ஒரு பழைய கம்பியூட்டர் இருப்பதாக நடிக்கவைக்கிற ப்ரோக்ராம் உண்டாம், வேகத்தை வேண்டிய அளவுக்குக் குறைக்கலாமாம். சியாமோடும் நேரே கதைத்து விளங்கப்படுத்தினான். மஹ்ரூப்புக்கு விளங்கியது ஒன்றுதான். பொத்தான் திரும்பவும் கிடைத்துவிட்டது.

சியாம் வந்தது ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில். அலுமாரியிலிருந்து ஸ்விச்சை எடுத்துத் துடைத்து, மஹ்மூதாவின் முழங்காலடியில் வைத்தார்கள். திரையில் எழுத்துகள் வந்தன. சியாம் எதையோ குறைத்தான், இரைச்சல் அடங்கியது. இன்னும் குறைத்தான். டிக். டிக். டிக். அதே நடை. மஹ்ரூப் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். “இதுதான் மகன்” என்றார். “நிப்பாட்டு. இதுதான்.” றஹ்மா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள்.

மஹ்மூதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டம் ஒரு சுற்றுப் போய் வந்தது. அடுத்த சுற்றில் முழங்கால் அசைந்தது. அசைந்து, அமத்துவதற்குள், கட்டம் தாண்டிவிட்டது. ‘ம’ விழுந்தது. அழித்தாள். அழிக்கிற கட்டத்தையும் இரண்டுதரம் தவறவிட்டாள். மறுபடி ‘ம’. மறுபடி ‘ய’.

எல்லாருக்கும் விளங்கியது. கம்பியூட்டர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அவளுடைய முழங்கால் அங்கே இல்லை. மாதக்கணக்காய் அசைக்காமல் கிடந்து இறுகிப் போயிருந்தது, அதற்கு வயதும் போயிருந்தது. ஒரு மனுஷி விட்ட இடத்திலேயே நிற்பாள் என்று அவர்கள் எல்லாரும் நினைத்துவிட்டார்கள்.

“இன்னும் குறை மகன்” என்றார் மஹ்ரூப்.

சியாம் குறைத்தான். போதவில்லை. இன்னும் குறைத்தான். கடைசியில், ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில் ஒருவர் கிணற்றடிக்குப் போய்த் தண்ணி அள்ளிக்கொண்டு வரலாம் என்ற அளவுக்கு வந்து நின்றது. மஹ்மூதாவின் கழுத்து நரம்பு புடைத்தது. முழங்கால் மெல்ல எழும்பி, நடுங்கி, அமத்தியது.

ப.

மஹ்ரூப் நிமிர்ந்தார். அவள் புதிதாக ஒன்றும் தொடங்கவில்லை. இத்தனை மாதமும் அந்த வரியைக் கையில் பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறாள், நின்றுபோன எழுத்திலிருந்தே எடுக்கிறாள். வாய் ஓயாத மனிதர், ஒரு சொல்லும் ஊகித்துச் சொல்லாமல், இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு பார்த்திருந்தார். கட்டம் ஊர்ந்தது. றஹ்மா எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள். பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. அவர் எழும்பவில்லை.

ய.

பிறகு, வெகுநேரம் கழித்து, ம்.

சியாம்தான் வாசித்தான். “பயம்.” வாசித்துவிட்டு அவரைப் பார்த்தான். “எதுக்குப் பயமாம் மாமா?”

மஹ்ரூப்புக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உருண்ட தேத்தண்ணிக் கோப்பை அவருக்கு ஞாபகம் வந்தது. கட்டிலில் கிடந்தபடி, எழும்ப முடியாமல், அவர் தரையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இவள். அந்தக் கண்களுக்கு முன்னால்தான் அவர் குறட்டைக் கதை சொல்லிச் சிரித்திருக்கிறார். பால், பழம், படம் என்று கடையையே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். எழுத்தை வாயால் சொன்னபோது அவள் கண்ணை மூடிக்கொண்டது பிடிவாதத்தில் இல்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. அந்தச் சொல்லை அவருடைய வாயாலேயே கூட்டவைக்க அவளுக்கு மனம் வரவில்லை போலும்.

அவர் கட்டிலடிக்குப் போனார். நான் இருக்கிறேன்தானே என்று சொல்லத்தான் வாயெடுத்தார். யாருக்கும் அதைத்தான் சொல்லுவார், மௌத்து வீட்டிலும் அதைத்தான் சொல்லுவார். சட்டைப் பைக்குள் நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசை கிலுகிலுத்தது. இவளிடம் அந்தப் பொய் எடுபடாது. அஸ்கா கத்தாரில், றஹ்மா அடுத்த வீட்டில், அவருக்குப் பிறகு இந்தக் கட்டிலடியில் யார் நிற்பார்கள் என்று அவர் யோசித்திருக்கிறார். யோசித்து, பதில் கிடைக்காமல்தான், தெருவெல்லாம் கதைத்துக்கொண்டு திரிகிறார்.

“எனக்கும்தான் புள்ள” என்றார்.

மஹ்மூதாவின் கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. கை அவருடைய தாடியில் வந்து இடித்துவிட்டுப் போனது. கண்கள் மட்டும் மெதுவாக மேலே உயர்ந்து, அங்கேயே நின்றன. ஓம். அது அவளுக்கு முன்னமே தெரியும்.

சியாம் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு எழும்பினான். “நாளைக்கு வந்து வேகத்தக் கொஞ்சம் கூட்டிப் பாப்பமா மாமா? பழகிட்டா வந்திரும்.”

“வேணாம் மகன். இப்பிடியே கிடக்கட்டும்” என்றார். அன்று அவர் பொலித்தீனை எடுக்கவில்லை. திரையில் கட்டம் ‘க’வில் போய் நின்றது, நெடுநேரம் நின்றது, பிறகு ஒரு டிக்கோடு அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது.